65 என்பது மில்லிமீட்டர் இல்லை

"இன்னும் கொஞ்சம் அகலமான டயரா போடுங்க, வண்டி பார்க்க கம்பீரமா இருக்கட்டும்." டயர் மாற்றும் வேலையில் நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. அகலத்தை மட்டும் கூட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். சிக்கலே அங்கேதான்.

டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 88ஹெச் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 மில்லிமீட்டர் இல்லை, சதவீதம்: பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம், அதாவது ஏறக்குறைய 120 மி.மீ. 'ஆர்' ரேடியல் வகையைக் குறிக்கிறது, அதாவது டயருக்குள் இருக்கும் நூலடுக்கு ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேர்க்குறுக்காக ஓடும் வகை. ரேடியஸ் என்று பலர் தப்பாக நினைப்பதுண்டு. 15 என்பது ரிம்மின் விட்டம், அது இஞ்ச்சில். ஒரே வரியில் மூன்று விதமான கணக்கு! யார் யோசித்ததோ.

ஒருவர் 185/65-ஐக் கழற்றிவிட்டு 205/65 போட்டுக்கொண்டார். "அதே 65 தானே?" என்றார். 205-இல் 65 சதவீதம் 133 மி.மீ. ஆகிவிடுகிறது. டயரின் மொத்த உயரம் 622-இலிருந்து 648-க்குப் போய்விட்டது, 4 சதவீதம் அதிகம். பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் மட்கார்டில் உரசும், ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் உள்பக்கம் கரகரவென்று சத்தம்.

ஆனால் அவர் என்னிடம் வந்தது மைலேஜ் குறைந்துவிட்டது என்று. அது பாதி உண்மை. டயர் கனமானதால் எஞ்சினுக்கு வேலை கூடியது நிஜம். இன்னொரு பாதி கணக்குப் பிழை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துத்தான் மீட்டர் தூரத்தையும் வேகத்தையும் காட்டுகிறது. டயர் பெரிதானால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கூடுதல் தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது. அவர் வண்டி 104 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் மீட்டரில் ஏறுவது 100 தான். வேகமும் அப்படியே, முன்பு காட்டியதைவிடக் குறைத்துக் காட்டும்.

பெரிய ரிம்தான் வேண்டுமென்றால் 195/55 ஆர்16 மாதிரி யோசிக்கலாம். மொத்த உயரம் 621 மி.மீ., கிட்டத்தட்ட பழையதேதான். ஆனால் பக்கச்சுவர் 107 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். பள்ளத்தில் இறங்கினால் அடி நேராக ரிம்முக்குப் போகும். வளைந்த அலாய் வீல்கள் நிறையப் பார்த்துவிட்டேன். எனக்கு இதில் பெரிய விருப்பமில்லை.

அப்புறம் அந்த 88. யாரும் இதைக் கேட்பதில்லை, நான் முதலில் பார்ப்பது இதைத்தான். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோ. அளவு அச்சு அசலாக ஒன்றாக இருந்தாலும், 84 போட்டால் நான்கு டயருக்கும் சேர்த்து 240 கிலோ தாங்கும் திறன் போய்விடுகிறது. ஆட்களும் லக்கேஜுமாக வெயிலில் நெடுந்தூரம் ஓட்டும்போது டயர் அளவுக்கு மீறிச் சூடாகி வெடிக்கக்கூடும். ஹெச் என்பது வேக வரம்பு, மணிக்கு 210 கி.மீ.

இந்த எண்களும், போட வேண்டிய காற்றழுத்தமும், பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கும். நான்கு டயரையும் வேறு அளவுக்கு மாற்றியவர்கள் ஸ்டெப்னியை மறந்துவிடுகிறார்கள். பஞ்சரான அன்று பழைய அளவு ஸ்டெப்னியை மாட்டினால் ஒரு சக்கரம் மட்டும் வேறு வேகத்தில் சுற்றும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) விளக்கு எரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மெதுவாக ஓட்டி, பஞ்சர் ஒட்டியதும் கழற்றிவிடுங்கள்.