நீலகிரி ரோடோடென்ரான் யார் கணக்கில் இருக்கிறது?

நீலகிரி மலையின் முக்கூர்த்திப் புல்வெளியில் மற்ற மரங்களெல்லாம் பள்ளத்துச் சோலைக்குள் ஒடுங்கியிருக்க, ரோடோடென்ரான் மட்டும் வெட்டவெளியில் தனியாக நிற்கும். உறைபனியையும் காட்டுத்தீயையும் தாங்குகிற தடித்த, வெடித்த பட்டை. குளிர்காலத்தில் ரத்தச் சிவப்பாகப் பூக்கும். இலையைத் திருப்பிப் பாருங்கள்: அடியில் பஞ்சு ஒட்டியதுபோலப் பழுப்பு மென்மயிர்.

புல்வெளியின் இன்னொரு பெயர்பெற்ற செடி நீலக்குறிஞ்சி. இது அகாந்தேசி குடும்பம். ஆடாதோடைக்கும் கனகாம்பரத்துக்கும் பங்காளி. சின்ன வயதில் எச்சில் தொட்டு வெடிக்கவிட்டோமே பட்டாசுக்காய், அதுவும் இந்தக் குடும்பம்தான். குறிஞ்சிக் காயும் வெடித்துத்தான் விதையைச் சிதறும்; விதைக்கு அடியில் இருக்கும் சிறு கொக்கி அதை உந்தித் தள்ளும். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதைத்து, அப்புறம் செடி பட்டுப்போகும். கொடைக்கானலில் 2006, 2018 என்று பூத்தது, அடுத்தது 2030. ரோடோடென்ரான் எரிகேசி குடும்பம். ஊட்டிக் கடைகளில் விற்கும் விண்டர்கிரீன் தைலம் தருகிற செடி இதற்கு உறவு.

சரி, எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐ.யு.சி.என்.) வகைப்படுத்தும் சிவப்புப் பட்டியலில் இவை எங்கே? குறிஞ்சி ஒரு தனி இனம். அதனால் அதன் இழப்பு அதன் பெயரிலேயே பதிவாகிறது. தேயிலை, சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), கட்டடம் என்று புல்வெளி போய்க்கொண்டே இருப்பதால் 2024-ல் அதை 'அழிய வாய்ப்புள்ள இனம்' என்று வகைப்படுத்தினார்கள்.

ரோடோடென்ரானோ 'கவலை குறைந்த' வரிசையில் இருக்கிறது. காரணம் பெயர். முதலில் நீலகிரி மரத்தைத் தனி இனமாகத்தான் விவரித்தார்கள். பிறகு அது ரோடோடென்ரான் ஆர்போரியம் என்ற பெரிய இனத்தின் கிளையினம், அதாவது அந்த இனத்துக்குள் ஒரு பிரிவு, ஆனது. அந்த இனம் இமயமலை நெடுகப் பரவியிருக்கிறது, நேபாளத்தின் தேசிய மலரும் அதுதான். மதிப்பீடு மொத்த இனத்துக்கும் சேர்த்து.

ஆனால் நடுவே ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் வெயில் நிலம். இமயத்து மகரந்தம் இங்கே வரப்போவதில்லை. இங்கே ஒரு சரிவு முழுக்கப் பட்டுப்போனாலும் அந்தப் பெரிய கணக்கில் தெரியாது. கிளையினத்தைத் தனியாக மதிப்பிட ஐ.யு.சி.என். விதியில் இடம் உண்டு. இந்த மரத்தையும் அப்படித் தனியாக எண்ண வேண்டும் என்பதே என் கட்சி.