எஹீதோ: மெக்சிகோ கடற்கரையின் ஊர்ப்பங்கு நிலம்

மெக்சிகோவின் கடற்கரை ஊர்களில் மனை வாங்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் எஹீதோ. ஊரார் கூட்டாக உடைமையாக வைத்து, ஆளுக்கொரு பங்காக உழும் நிலம் அது. அதைத் தமிழில் 'பொது நிலம்' என்று எழுதிவிட்டால் பாதி பொருள் போய்விடும். 'கூட்டுறவுப் பண்ணை' என்றால் மீதியும் போய்விடும்.

சொல்லின் வேர் லத்தீன். 'எக்ஸிதுஸ்' என்றால் வெளியேறும் வழி. ஊரைவிட்டு வெளியே வந்ததும் கண்ணில் படும் வெட்டவெளிதான் ஸ்பெயினில் எஹீதோ. அதில் யாரும் உழ மாட்டார்கள், வீடு கட்ட மாட்டார்கள். ஊர் மாடுகள் மேயும், அறுவடைக் காலத்தில் களமாகும். இந்தப் பழைய பொருளுக்கு நம்மிடம் அச்சு அசலான சொல் உண்டு: மந்தைவெளி. ஸ்பானிய மன்னர் இரண்டாம் பிலிப், மெக்சிகோவின் பழங்குடி ஊர்களுக்கு ஒரு லீக் (பழைய தூர அளவு) நீள எஹீதோ இருக்க வேண்டும் என்று 1573இல் ஆணையிட்டபோதும், மாடு மேய்க்க இடம் என்றுதான் சொன்னார்.

பொருள் மாறியது அப்புறம்தான். 1856இல் வந்த லெர்தோ சட்டம், ஊரோ திருச்சபையோ கூட்டாக நிலம் வைத்திருப்பதைத் தடுத்தது. அடுத்த அரை நூற்றாண்டில் ஊர் நிலங்கள் பெரும்பண்ணைகளுக்குள் மறைந்தன. பிடுங்கிய நிலத்தைத் திருப்பிக் கொடு என்று, மெக்சிகோ புரட்சியில் ஆயுதமேந்திய உழவர்களின் தலைவர் எமிலியானோ சபாட்டா 1911 நவம்பரில் அயாலா திட்டத்தை அறிவித்தார். 1915 ஜனவரி 6ஆம் தேதிச் சட்டமும், 1917 அரசியலமைப்பின் 27ஆம் பிரிவும் அந்தக் கோரிக்கைக்குச் சட்ட வடிவம் தந்தன. குடியரசுத் தலைவர் லாசரோ கார்தெனாஸ் ஆட்சியில் (1934-40) மட்டும் ஏறத்தாழ 1.8 கோடி ஹெக்டேர் பிரித்துக் கொடுக்கப்பட்டது. மேய்ச்சல் வெளியைக் குறித்த பழைய பெயரையே இந்தப் புதிய உழவு நிலத்துக்கும் வைத்தார்கள்.

புதிய எஹீதோவில் நிலம் ஊர்க் கூட்டத்துக்குச் சொந்தம். ஒரு பகுதியில் குடியிருப்பு, ஒரு பகுதி எல்லோருக்கும் பொது, மீதி ஆளுக்கொரு வயலாக. உறுப்பினர் தன் வயலை உழலாம், ஒரே ஒரு வாரிசுக்கு விட்டுப்போகலாம். 1992 வரை அதை விற்க முடியாது, வாடகைக்கு விட முடியாது, கடனுக்காக யாரும் ஜப்தி செய்யவும் முடியாது. நிலம் கைமாறி மறுபடி பண்ணையாரிடம் போய்விடக் கூடாது என்பதற்காகப் போட்ட பூட்டு இது. அதை மதிக்காமல் இந்தச் சட்டத்தைப் படித்தால் ஒன்றும் புரியாது.

பூட்டு போட்டபோது கடற்கரைக்குச் சந்தை விலை கிடையாது. சுற்றுலா வந்ததும் நிலைமை தலைகீழானது. பசிபிக் கரையின் சுற்றுலா ஊரான பூவெர்தோ வல்யார்த்தாவில் ஓட்டல்களும் வீடுகளும் எஹீதோ நிலத்தில் எழும்பிவிட்டன, ஆனால் பத்திரம் யாரிடமும் இல்லை. 1970இல் அந்த ஊர் இருக்கும் பண்டேராஸ் வளைகுடாவின் எஹீதோ நிலங்களை அரசே ஆணை போட்டுக் கையகப்படுத்தி, ஒரு பொறுப்பாண்மை (டிரஸ்ட்) அமைப்பிடம் கொடுத்து, மனை உரிமையைச் சீராக்கத் தொடங்கியது.

புந்தா பண்டாவில் கதை கசப்பாக முடிந்தது. வடமேற்கு மெக்சிகோவின் என்செனாடா நகருக்குத் தெற்கே உள்ள இந்த மணல்திட்டில், உள்ளூர் எஹீதோவிடம் மனையைக் குத்தகைக்கு எடுத்து அமெரிக்கர்கள் பலர் கடலைப் பார்த்தபடி வீடு கட்டினார்கள். அந்த மண் தங்களுடையது என்று வேறு உரிமையாளர்கள் வழக்காடி உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். 2000 அக்டோபர் கடைசியில் குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வீடு அவர்கள் காசில் கட்டியதுதான், காலடி மண்தான் அவர்களுடையது இல்லை.

1992இல் 27ஆம் பிரிவைத் திருத்திப் பூட்டைத் தளர்த்தினார்கள். இப்போது எஹீதோ கூட்டம் கூடித் தீர்மானம் போட்டால், உறுப்பினர் தன் வயலுக்கு 'தொமீனியோ பிளேனோ', அதாவது முழு உடைமை, பெறலாம். அதன்பின் அது மற்ற தனியார் நிலம் போலத்தான். அதற்கு முன் 'எஹீதோ தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்' என்று சொல்லி நீட்டும் தாளை நம்பிக் காசு கொடுத்தால் நிலம் உங்களுடையதாகாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? என் தேர்வு 'ஊர்ப்பங்கு நிலம்'. உடைமை ஊருடையது, அனுபவம் பங்காக வருகிறது என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. தொண்டை மண்டலத்தில் நிலத்தை ஊரார் சேர்ந்து வைத்திருந்த ஊர்களுக்குச் 'சமுதாயம்' என்ற வருவாய்த்துறைச் சொல் இருந்தது. பொருளில் அது இன்னும் நெருக்கம். ஆனால் இன்று சமுதாயம் என்றால் மக்கள் கூட்டம் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள், அதனால் விட்டுவிட்டேன்.

'புறம்போக்கு' என்று எழுத ஆசை வரும். வெளியே போகும் வழி என்ற லத்தீன் வேருக்கு அது அவ்வளவு பக்கத்தில் நிற்கிறது. ஆனாலும் கூடாது. புறம்போக்கு அரசுடையது, எஹீதோவோ ஊராருடையது. அந்த ஊரார் அதற்காகத் துப்பாக்கி ஏந்தியவர்கள்.

புறம்போக்கு பொருந்துகிற இடம் அதே கடற்கரையில் வேறொன்று உண்டு. உயர் அலைக் கோட்டிலிருந்து 20 மீட்டர் அகல நிலம் கூட்டரசின் கடலோர மண்டலம். அதை எந்த எஹீதோவும் எந்த ஓட்டலும் சொந்தமாக்க முடியாது, அனுமதி வாங்கிப் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். அதைக் கடற்கரைப் புறம்போக்கு என்று தாராளமாக எழுதலாம்.