மாதிரியோடு போக வேண்டிய தாள்கள்: நகோயா நெறிமுறையும் உயிரியல் காப்பகங்களும்

ஒரு தவளையின் கால் தசையிலிருந்து எடுத்த கடுகளவுத் துணுக்கு, சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாயில், திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிரில் பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும். ஆனால் அந்தத் துணுக்கை நாளை வேறொரு ஆய்வகம் வாங்கி அதன் டி.என்.ஏ.வைப் பிரித்துப் பார்க்கலாமா, அதன் முடிவுகளை வெளியிடலாமா என்பதைத் தீர்மானிப்பது குளிர் அல்ல. அது எந்த நாட்டில், யாருடைய அனுமதியோடு, எந்த நிபந்தனையில் எடுக்கப்பட்டது என்று சொல்லும் தாள்கள்தான். அந்தத் தாள்கள் எவை, அவற்றை யார் கொடுப்பார்கள், யார் காத்து வைக்க வேண்டும் என்பதை வகுத்திருக்கும் பன்னாட்டு விதியே நகோயா நெறிமுறை.

1992இல் ரியோ டி ஜெனீரோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு, 1993 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த உயிரியல் பன்மைய உடன்படிக்கைக்கு முன்பு, காட்டிலும் கடலிலும் கிடைக்கும் உயிரினங்கள் மனித குலத்தின் பொதுச் சொத்து என்ற எண்ணமே பரவலாக இருந்தது. அந்த உடன்படிக்கையின் 15ஆவது பிரிவு இதை மாற்றி, மரபு வளங்களை, அதாவது மரபணுப் பொருள் அடங்கிய தாவர, விலங்கு, நுண்ணுயிர் மாதிரிகளை, யார் எடுக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்தந்த நாட்டு அரசுக்கே உரியது என்றது. அதை எப்படிச் செயல்படுத்துவது என்று விரித்துரைப்பதற்காக 2010 அக்டோபர் 29 அன்று ஜப்பானின் நகோயாவில் இந்த நெறிமுறை ஏற்கப்பட்டது. 2014 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் உள்ளது. மனித மரபு வளங்கள் இதற்குள் வராது என்பதால், மருத்துவமனைகளில் உள்ள இரத்த, திசு வங்கிகளுக்கு இந்த விதி பொருந்தாது. அவற்றுக்கு வேறு சட்டங்கள் உண்டு.

இதில் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. நெறிமுறை 'பயன்பாடு' என்று சொல்வது, ஒரு மரபு வளத்தின் மரபு அமைப்பின் மீதோ உயிர்வேதியியல் அமைப்பின் மீதோ நடத்தப்படும் ஆராய்ச்சியையும் மேம்பாட்டையும்தான். பதப்படுத்திய பறவையின் இறக்கையை அளவுகோலால் அளப்பது இந்த வரையறைக்குள் வராது. அதே பறவையின் கால்விரலிலிருந்து சிறு திசுவைச் சீவி டி.என்.ஏ. எடுத்து ஆராய்ந்தால் வந்துவிடும். எனினும் பல நாடுகள், எந்த நோக்கத்துக்காக இருந்தாலும், மாதிரியைச் சேகரிப்பதற்கே தனி அனுமதி கேட்கின்றன. நேர்மாறாக, தங்கள் எல்லைக்குள் இருக்கும் வளங்களுக்கு முன் ஒப்புதல் தேவையில்லை என்று முடிவு செய்துள்ள நாடுகளும் உண்டு. ஆகவே நெறிமுறையைப் படித்து முடித்ததும் அடுத்து படிக்க வேண்டியது, மாதிரி கிடைக்கும் நாட்டின் சொந்தச் சட்டத்தை.

ஒப்புதல் தேவைப்படும் நாட்டில் வேலை இரண்டு கட்டமாக நடக்கும். முதலாவது, முன்னறிந்து தரும் ஒப்புதல். என்ன எடுக்கப் போகிறோம், எதற்காக, எங்கே வைக்கப் போகிறோம் என்பதை அந்த நாட்டின் தகுதி பெற்ற அதிகார அமைப்பிடம் எழுத்தில் தெரிவித்து, சேகரிக்கும் முன்பே அனுமதி பெற வேண்டும். எந்த அலுவலகத்தை அணுகுவது என்பதைச் சொல்ல ஒவ்வொரு உறுப்பு நாடும் ஒரு தேசியத் தொடர்பு மையத்தை நியமித்திருக்க வேண்டும். அதன் விவரம், நெறிமுறைக்கென இயங்கும் பொதுத் தகவல் தளத்தில் கிடைக்கும். பழங்குடி மக்களோ உள்ளூர்ச் சமூகமோ வழிவழியாகத் தம்மிடம் வைத்திருக்கும் மரபறிவைப் பயன்படுத்துவதாக இருந்தால், அவர்களுடைய ஒப்புதலோ ஈடுபாடோ இருந்தாக வேண்டும். இரண்டாவது கட்டம், இரு தரப்பும் ஒத்துக்கொண்ட நிபந்தனைகள் அடங்கிய ஒப்பந்தம். மாதிரியை மூன்றாம் தரப்புக்குக் கொடுக்கலாமா, கிடைக்கும் பயனை எப்படிப் பகிர்வது, நோக்கம் மாறினால் என்ன செய்வது என்பனவெல்லாம் இதில் எழுதப்படும். பயன் என்றால் பணம் மட்டும் அல்ல. ஆய்வு முடிவுகளைத் தருவது, அந்த நாட்டு ஆய்வாளர்களுக்குப் பயிற்சி அளிப்பது, கூட்டாக ஆராய்வது ஆகியவற்றையும் நெறிமுறையின் பின்னிணைப்பு பயனாகவே கணக்கில் எடுக்கிறது. பன்மைய ஆய்வில் பெரும்பாலும் கொடுக்கக்கூடியதும் இவைதான்.

நாடு தான் கொடுத்த அனுமதியைப் பொதுத் தகவல் தளத்தில் பதிவு செய்ததும், அது பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்ட இணக்கச் சான்றிதழாகிவிடும். வழங்கிய அமைப்பு, தேதி, யாருக்கு வழங்கப்பட்டது, எந்த வளத்துக்கு, வணிகப் பயன்பாட்டுக்கா இல்லையா, தனித்த அடையாள எண் ஆகிய விவரங்கள் அதில் இருக்கும். மாதிரி எத்தனை கை மாறினாலும் இந்த எண் அதனுடனே போக வேண்டும்.

வணிக நோக்கமற்ற ஆய்வாளருக்குச் சாதகமான ஒரு பிரிவும் உண்டு. உயிரியல் பன்மையத்தைக் காக்கவும் நிலைத்துப் பயன்படுத்தவும் உதவும் ஆய்வை ஊக்குவிக்கும் வகையில், வணிக நோக்கமற்ற ஆய்வுக்கு எளிமையான அனுமதி முறைகளை வகுக்குமாறு 8ஆவது பிரிவு நாடுகளைக் கேட்கிறது. அப்படி ஒரு முறை இருக்கிறதா என்று விண்ணப்பத்தின் தொடக்கத்திலேயே தயங்காமல் கேட்கலாம். ஆனால் அந்தச் சலுகை நோக்கத்தோடு கட்டுண்டது. வகைப்பாட்டு ஆய்வுக்கென்று பெற்ற பூஞ்சையில் மருந்துக்குதவும் வேதிப்பொருள் தென்பட்டால், பழைய அனுமதியை வைத்துக்கொண்டு அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது. வளத்தை அளித்த நாட்டிடம் திரும்பச் சென்று புதிய நிபந்தனைகளைப் பேச வேண்டும்.

காப்பகத்தின் பொறுப்பு மாதிரி வாசலுக்கு வரும்போதே தொடங்குகிறது. ஆல்கஹாலில் மூழ்கிய மாதிரியின் சீட்டைப் பென்சிலால் எழுதுவது பழைய வழக்கம். பேனா மை பலவும் ஆல்கஹாலில் கரைந்துவிடும், கரி கரையாது. இடம், தேதி, சேகரித்தவர் என்ற மூன்றும் அழிந்த மாதிரியால் ஆய்வுக்குப் பெரிதாகப் பயன் இல்லை என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் உண்டாக்கிய வழக்கம் அது. அனுமதித் தாளுக்கும் அதே கவனம் வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டில் மாதிரியின் எண்ணுக்கு எதிரே சான்றிதழ் எண்ணும் ஒப்பந்தத்தின் நகலும் இருக்க வேண்டும். ஒரு திசுவை ஐந்து குழாய்களாகப் பிரித்தாலும், அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்துத் தனியே வைத்தாலும், தாய் மாதிரியின் நிபந்தனை ஒவ்வொன்றுக்கும் பொருந்தும். பிரித்தெடுத்த டி.என்.ஏ.வுக்குப் புது எண் கொடுத்துவிட்டு, பழைய எண்ணோடு இணைக்க மறப்பதுதான் இந்தச் சங்கிலி அறுந்துபோகும் வழக்கமான இடம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 511/2014 ஒழுங்குவிதி, பயன்பாடு முடிந்த பிறகும் 20 ஆண்டுகள் இந்த ஆவணங்களை வைத்திருக்கும்படி பயனரிடம் கேட்கிறது.

ஒப்பந்தம் எழுதும்போது ஒன்றை வலியுறுத்திக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: இன்று பெயர் தெரியாத ஆய்வுகளுக்கும் மாதிரியைக் காத்து வைக்க இடம் கொடுக்கும் ஒரு வாசகம். 1967இல் இயற்கை ஆய்வாளர் டெரெக் ராட்கிளிஃப் பிரிட்டனில் சேகரிப்புகளில் இருந்த வல்லூறுகளின் முட்டைகளை எடுத்து, ஓட்டின் எடையை ஆண்டுவாரியாக ஒப்பிட்டார். 1940களின் பிற்பகுதியில் ஓடு திடீரென மெலிந்திருந்தது, டி.டி.டி. பூச்சிக்கொல்லி புழக்கத்துக்கு வந்த காலம் அது. முட்டைகளைச் சேகரித்து வைத்தவர்கள் அவற்றின் அழகுக்காகச் சேர்த்தார்கள். பூச்சிக்கொல்லியைப் பற்றி அவர்கள் நினைத்திருக்க வழியே இல்லை. 'இந்த ஒரு ஆய்வுக்கு மட்டும், முடிந்ததும் அழித்துவிட வேண்டும்' என்று எழுதப்பட்ட மாதிரியால் இத்தகைய கேள்விக்கு ஒருநாளும் பதில் தர முடியாது.

எல்லை தாண்டி அனுப்பும்போது நகோயா தாள்கள் மட்டும் போதாது. அழியும் நிலையில் உள்ள இனங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும், 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டஸ் உடன்படிக்கை, பதிவு பெற்ற அறிவியல் நிறுவனங்கள் தமக்குள் வணிக நோக்கமின்றிக் கடனாகவோ நன்கொடையாகவோ பரிமாறும் உலர்தாவரங்களுக்கும் (உலர்த்தித் தாளில் ஒட்டிய செடி மாதிரிகள்) பதப்படுத்திய அருங்காட்சியக மாதிரிகளுக்கும் உரிமத்திலிருந்து விலக்கு தருகிறது. அரசின் மேலாண்மை அமைப்பு ஏற்ற சீட்டு பொதியில் ஒட்டியிருக்க வேண்டும். இதற்கு அப்பால் தாவர, விலங்கு நோய்த் தடுப்புச் சோதனையும் உண்டு. 2017இல் வெளியே தெரிந்த ஒரு நிகழ்வில், பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து பிரிஸ்பேனுக்குக் கடனாகச் சென்ற, 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட உலர்தாவரத் தாள்கள், ஆவணங்கள் சரியாக இல்லாததால் ஆஸ்திரேலிய எல்லையில் அழிக்கப்பட்டன. அவற்றை மீண்டும் சேகரிக்க முடியாது. கடன் கொடுக்கும் காப்பகமும் வாங்கும் காப்பகமும் பொதி புறப்படும் முன்பே எல்லை அதிகாரிகளின் படிவங்களை ஒன்றாக உட்கார்ந்து சரிபார்ப்பது அதிக நேரம் எடுக்கும் வேலையே அல்ல.

ஏற்கெனவே காப்பகத்தில் இருக்கும் மாதிரிக்குத் தாள்கள் கிடைக்கவில்லை என்றால், அது சேகரிக்கப்பட்ட ஆண்டை முதலில் உறுதி செய்ய வேண்டும். 2014 அக்டோபர் 12க்கு முன்பு பெறப்பட்டவற்றை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குவிதி கட்டுப்படுத்தாது; வளத்தை அளித்த நாட்டின் சட்டம் அதற்கும் முந்தையதாக இருக்கக்கூடும் என்பதால் அதையும் பார்க்க வேண்டும். அதன் பிறகும் ஐயம் இருந்தால், மாதிரியை அழிக்கவோ வெளியே அனுப்பவோ வேண்டாம். பதிவேட்டில் 'ஆவணம் நிலுவையில்' என்று குறித்து, மரபு ஆய்வுக்குக் கொடுப்பதை நிறுத்தி வைத்து, சேகரித்தவரின் களக் குறிப்பேட்டின் நகலோடு அந்த நாட்டின் தேசியத் தொடர்பு மையத்துக்கு எழுத வேண்டும். பதில் வரும் வரை மாதிரி குளிரிலேயே இருக்கட்டும்.