நச்சுக் கசிவால் உடல்நலம் கெட்டவர் இழப்பீடு கோரும் வழி: பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15ஆம் பிரிவு

2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவையொட்டி, எண்ணூரில் கடலுக்கு அடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னகுப்பம் பகுதி மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் தெருவுக்கு ஓடிவந்தனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அந்தக் கசிவைத் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. தீர்ப்பாயத்துக்கு அப்படிச் செய்யும் அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் தீர்ப்பாயம் தானாக எடுக்கும் வழக்கில் ஒவ்வொரு தனிமனிதரின் நோயும் மருத்துவச் செலவும் இழந்த கூலியும் கணக்கில் வந்துவிடும் என்று நம்பி இருந்துவிட முடியாது. தனக்கு நேர்ந்த பாதிப்புக்குத் தானே விண்ணப்பிக்க இடம் தருவது 2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. இந்தப் பிரிவை அறிந்தவர்கள் பாதிக்கப்பட்ட ஊர்களிலேயே குறைவு.

நீர், காற்று, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டங்கள் உள்ளிட்ட சில சட்டங்கள் இந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றின் கீழ் எழும் மாசுபாட்டால் பாதிக்கப்பட்டவருக்கும், அபாயகரமான பொருளைக் கையாளும்போது நேரும் விபத்தில் பாதிக்கப்பட்டவருக்கும் நிவாரணமும் இழப்பீடும் வழங்கத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். இறப்பு, நிரந்தர அல்லது தற்காலிக ஊனம், நோய், வருமான இழப்பு, மருத்துவச் செலவு, சொத்துச் சேதம் என எந்தெந்தத் தலைப்புகளில் கேட்கலாம் என்பதை இரண்டாம் அட்டவணை சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் நேரடியாக விண்ணப்பிக்கலாம். இறந்துபோனவரின் சட்டபூர்வ வாரிசுகளும், சேதமடைந்த சொத்தின் உரிமையாளரும், இவர்களால் அதிகாரம் அளிக்கப்பட்ட முகவரும் விண்ணப்பிக்கலாம். இத்தகைய கோரிக்கையை உரிமையியல் நீதிமன்றம் விசாரிக்க முடியாதபடி 29ஆம் பிரிவு தடுத்துவிடுவதால், முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஆண்டுகளைத் தொலைக்க வேண்டாம்.

இந்தச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்திருக்கும் பெரிய பலம் 17ஆம் பிரிவில் இருக்கிறது. விபத்தால் நேர்ந்த பாதிப்பாக இருந்தால், ஆலை கவனக்குறைவாக நடந்துகொண்டது என்று நிரூபிக்க வேண்டிய சுமை விண்ணப்பதாரருக்கு இல்லை. தவறு இருந்ததா இல்லையா என்பதைப் பார்க்காமலேயே பொறுப்பு சுமத்தப்படும். இதன் வேர் 1985 டிசம்பரில் டெல்லியில் நடந்த ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் உள்ளது. போபால் துயரம் நடந்து ஏறக்குறைய ஓராண்டில் நேர்ந்த அந்தக் கசிவில், அபாயகரமான தொழிலை நடத்துபவர் அதனால் விளையும் தீங்குக்கு எந்த விதிவிலக்கும் இன்றி முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று நீதிபதி பகவதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 1986 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பல ஆலைகள் சேர்ந்து ஒரு பகுதியை நஞ்சாக்கியிருந்தால், எது யாருடைய புகை என்று பிரித்துக்காட்ட முடியாத நிலையிலும், நியாயமான முறையில் பொறுப்பைப் பங்கிடத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. தொழிற்பேட்டைகளை ஒட்டி வாழ்பவர்களுக்கு இது முக்கியம்.

இருந்தாலும், தவறை நிரூபிக்க வேண்டாம் என்பதை எதையுமே நிரூபிக்க வேண்டாம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நச்சுப் பொருள் என்மீது பட்டது, அதனால்தான் எனக்கு இந்த நோய் வந்தது என்ற தொடர்பைக் காட்டியே ஆக வேண்டும். சாட்சியச் சட்டத்தின் இறுக்கமான விதிகள் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது என்பது ஓரளவு உதவும். ஆயினும் விண்ணப்பங்கள் வலுவிழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதுவும் முதல் சில நாட்களில் செய்யாமல் விட்ட சிறு காரியங்களால்தான் என்பது என் கணிப்பு.

கசிவு நடந்த இரவில் மருத்துவமனைக்குச் செல்பவர் கையில் வாங்கிவரும் ஓ.பி. சீட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் ‘வீசிங்’ என்று ஒரு சொல்லும் அதன் கீழே மூன்று மாத்திரைகளின் பெயரும் மட்டும் இருந்தால், அவருக்கு ஏற்கெனவே ஆஸ்துமா இருந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லிவிட முடியும். அதே சீட்டில் ‘நேற்றிரவு வாயு நெடியைச் சுவாசித்தபின் தொடங்கிய மூச்சுத் திணறல்’ என்று மருத்துவர் ஒரு வரி எழுதியிருந்தால் நிலைமையே வேறு. அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லி, ஏ.ஆர். காப்பி என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் அதன் நகலையும் பெற்று வைக்க வேண்டும். அம்மோனியா போன்ற எரிச்சலூட்டும் வாயுக்கள் பின்னாளில் ரத்தப் பரிசோதனையில் அடையாளம் காட்டும்படி உடலில் தங்குவதில்லை என்பதால், அன்றைக்கு எழுதப்பட்ட அந்த ஒரு வரியே பிற்பாடு முக்கிய ஆதாரமாக நிற்கும். பாதரசத்தையும் ஈயத்தையும் ரத்தத்தில் அளந்துவிடலாம். ஆர்செனிக்கோ சிறுநீரில் சில நாட்களே தென்படும் என்பதால் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

நிலத்தடி நீர் கெட்ட ஊர்களில் சிக்கல் வேறு மாதிரி. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆனால் பழைய குளிர்பான பாட்டிலில் தாமே பிடித்துக்கொண்டு போன நீரின் அறிக்கையை, பாட்டிலில் என்ன இருந்ததோ என்ற ஒரே கேள்வியில் ஒதுக்கிவிடுவார்கள். தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்துமூலம் மனு கொடுத்து, வாரிய அலுவலர் நேரில் வந்து மாதிரி எடுக்குமாறு கேட்பது நல்லது. மனுவின் ஒப்புகை ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். அந்த ஆலைக்கு வழங்கப்பட்ட இசைவாணையையும், வாரியம் முன்பு நடத்திய ஆய்வுகளின் அறிக்கைகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம். எந்த வேதிப்பொருளை எவ்வளவு கையாள அனுமதி இருந்தது என்பது அதில் தெரிந்துவிடும்.

கால வரம்பு ஐந்து ஆண்டுகள். இழப்பீடு கோருவதற்கான காரணம் ‘முதன்முதலில்’ எழுந்த நாளிலிருந்து அது எண்ணப்படும். தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம், அதற்கு மேல் வழி இல்லை. வாயுக் கசிவில் அந்த நாள் எது என்பதில் குழப்பம் வராது. மெல்ல மெல்ல ஏறும் நஞ்சில்தான் இந்த ஒரு சொல் கடுமையாக வந்து விழுகிறது. கிணற்று நீர் மஞ்சளாக மாறிய நாளே தொடக்கம் என்று ஆலைத் தரப்பு வாதிடும். நோய் இன்னதென்று மருத்துவர் உறுதிசெய்த நாளே தொடக்கம் என்று பாதிக்கப்பட்டவர் தரப்பு வாதிட வேண்டியிருக்கும். எனவே நோய் உறுதியான தேதியுள்ள சான்றைப் பெற்று, எண்ணத் தொடங்கும் நாளில் விவாதத்துக்கு இடம் வைக்காமல் விரைவில் விண்ணப்பித்துவிடுவதே பாதுகாப்பு.

ஆலைக்குள் வேலை செய்தவர்களுக்குப் பாதை வேறு. 17ஆம் பிரிவிலேயே ‘தொழிலாளர் அல்லாத’ என்ற விலக்கு இருக்கிறது. அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இ.எஸ்.ஐ. காப்பீட்டையும், அதில் சேராதவர்களானால் முதலாளி தர வேண்டிய தொழிலாளர் இழப்பீட்டையும்தான். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் ஈயம், பாதரசம், பென்சீன், குரோமியம் போன்றவற்றால் வரும் நோய்களைத் தொழில்சார் நோய்களாகப் பட்டியலிட்டிருந்தது. அத்தகைய பட்டியல் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்கள் சம்பளச் சீட்டையும் நுழைவுச் சீட்டையும் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது நல்லது. கொடைக்கானலில் பாதரச வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது. அதன் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் நிறுவனத்துக்கும் உடன்பாடு ஏற்பட்டது 2016இல். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் எத்தனை பேர் வீட்டில் எத்தனை காகிதங்கள் தொலைந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

திடீர் விபத்தாக இருந்தால், தீர்ப்பாயத்துக்கு முன்பாகவே மாவட்ட ஆட்சியரிடம் உடனடி நிவாரணம் கேட்கலாம். 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் அபாயகரமான பொருளைக் கையாளும் உரிமையாளர் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். இங்கும் தவறை நிரூபிக்கத் தேவையில்லை. ஐந்தாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்த நிவாரணத்தைப் பெற்றவர் தீர்ப்பாயத்தை நாடத் தடை இல்லை. ஆனால் வேறு எந்த அதிகாரியிடமோ நீதிமன்றத்திலோ விண்ணப்பித்திருந்தாலும், தொகை பெற்றிருந்தாலும், அதைத் தீர்ப்பாயத்துக்கு மறைக்காமல் தெரிவித்தாக வேண்டும்.

தீர்ப்பாயத்தில் கட்டணம், கோரும் தொகையில் நூற்றுக்கு ஒன்று; குறைந்தது 1,000 ரூபாய். பத்து லட்சம் கேட்பவர் 10,000 ரூபாய் கட்ட வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவருக்குக் கட்டணம் இல்லை. கேட்கிற தொகைக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதால், மருந்துக்கடை ரசீது முதல் வேலைக்குப் போகாத நாட்களின் விவரம் வரை தலைப்புவாரியாகச் சேர்க்க வேண்டும். தமிழ் ஆவணங்களோடு ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைக்க வேண்டும்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தொழிற்சாலைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களையும், பெண்களையும், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினரையும், தொழிலாளர்களையும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்களாக 1987ஆம் ஆண்டின் சட்டம் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. பணம் வந்தால் அதில் பங்கு தாருங்கள் என்று எந்த வக்கீலாவது பேரம் பேசினால், வழக்கின் முடிவை வைத்துக் கட்டணம் பேச இந்திய பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை என்பதை நினைவில் கொள்ளவும். தீர்ப்பாயத்தின் உத்தரவில் திருப்தி இல்லாதவர் 90 நாட்களுக்குள் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.