டீன் ஏஜ்: தமிழ்ல இதுக்கு என்ன பேரு?

டீன் ஏஜ்னா 13ல இருந்து 19 வரைக்கும், இங்கிலீஷ்ல அந்த ஏழு எண்ணும் ‘டீன்’னு முடியுறதால வந்த பேரு. டீனேஜர்ங்கற சொல் 1940கள்ல அமெரிக்காவுல நல்லா பரவுச்சு, அதாவது அந்த வயசுப் பசங்க வேலைக்குப் போகாம ஹைஸ்கூல்ல உக்கார ஆரம்பிச்ச பிறகு.

நம்மகிட்டயும் பேர் இருந்துச்சு. உலா இலக்கியத்துல பொண்ணுக்கு ஏழு பருவம், அதுல மடந்தைன்னா 14 முதல் 19, கிட்டத்தட்ட அதே கணக்குதான், ஆனா அவ வீதியில உலா வர்ற தலைவனைப் பாத்து மயங்குறவ, புத்தகப் பையோட போறவ இல்ல. விடலைங்கறது சங்கப் பாட்டுல வீரன், பாலை நிலத் தலைவன். இன்னைக்கு ‘விடலைப் பசங்க’ன்னா வசவு மாதிரி ஆயிருச்சு, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

எங்க அப்பாயிக்கு 14 வயசுல கல்யாணம். 1929ல வந்த சாரதா சட்டமே பொண்ணுக்குக் குறைஞ்ச வயசு 14ன்னுதான் வச்சுச்சு, 18 ஆனது 1978லதான். “அப்பாயி, பதினாறு வயசுல நீ என்ன பண்ணிட்டிருந்த”ன்னு ஒருநாள் கேட்டேன், “ஒங்க பெரியப்பன தொட்டில்ல போட்டு ஆட்டிட்டிருந்தேன்”னு சொல்லிட்டு முருங்கைக்கீரை ஆயப் போயிருச்சு. அம்மா காலத்துல பாவாடை சட்டைக்கும் புடவைக்கும் நடுவுல தாவணி வந்துச்சு, ‘தாவணி போட்ட புள்ள’ன்னா வயசைச் சொல்லவே வேணாம், சினிமாவும் ரொம்ப நாள் அந்தத் தாவணியைக் காதலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே காட்டுச்சு. என் பொண்ணுக்கு 15, தாவணி பொங்கலுக்கு மட்டும், மத்தபடி ட்யூஷன், சாத்துன கதவு, காதுல இயர்போன், அவளுக்குன்னு ஒரு ஏழு வருஷம் இருக்கு, அப்பாயிக்கு அது கிடைக்கவே இல்ல.

சரி, தமிழ்ல என்ன எழுதலாம்? பதின்பருவம், இல்லன்னா பதின்ம வயது. நம்ம எண்ணுல 11லயே ‘பதின்’ வந்துருது, 19 பத்தொன்பதா மாறிருது, அதனால கணக்கு அச்சா பொருந்தாது, ஆனாலும் கேட்ட உடனே புரியுது, நல்ல சொல்தான். வளரிளம் பருவம்னு அரசு பயன்படுத்துறது வேற, உலக சுகாதார நிறுவனக் கணக்குல அது 10 முதல் 19. ஆளைச் சொல்ல மட்டும் ‘பதின்மர்’னு எழுதாதீங்க, அதுக்கு அர்த்தம் பத்து பேர், திருக்குறளுக்குப் பழைய உரை எழுதுன பத்து பேரைத்தான் அப்படிச் சொல்வாங்க. பதின்வயதினர்னு எழுதுங்க, பையனுக்கும் பொண்ணுக்கும் சேந்தே பொருந்தும்.