காதில் விழுந்தது, தாளில் விழவில்லை

கனடாவுக்கோ லண்டனுக்கோ போவதற்காக ஐஈஎல்ரிஎஸ் ஆங்கிலப் பரீட்சை எழுதும் யாழ்ப்பாணப் பிள்ளைகள் கேட்டல் பகுதியை லேசாக நினைப்பதுண்டு. 40 கேள்விகள், ஏறத்தாழ 30 நிமிடங்கள். ஒலிப்பதிவு ஒரே தடவைதான். 7ஆம் பாண்டு என்ற தரப்புள்ளிக்கு 30 அளவில் சரிவர வேண்டும். திருத்திய பயிற்சித் தாள்களைப் பார்த்தால், நன்றாக விளங்கிய இடங்களிலேயே புள்ளி கொட்டுப்பட்டிருக்கும்.

முதல் குற்றவாளி ஒற்றை 'எஸ்'. நாங்கள் "ரெண்டு புத்தகம்", "நாலு கதிரை" என்றே பேசுகிறோம். 'கள்' இல்லாமலே பன்மை விளங்கிவிடும். ஆங்கிலம் அப்படி விடாது. விடை எழுதும் இடைவெளிக்கு முன்னால் 'டூ', 'செவரல்' என்று நின்றால் 'எஸ்' வேண்டும். ஒருமை காட்டும் ஆங்கில 'அ' நின்றால் கூடாது. வேகமான பேச்சில் அந்த 'எஸ்' அடுத்த சொல்லோடு ஒட்டி மறைந்துபோகும். அதனால் காதை மட்டும் நம்பாமல், பதிவு தொடங்குமுன் கேள்வி வாசிக்கத் தரும் வினாடிகளிலேயே கண்ணால் பிடியுங்கள். இடைவெளிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக 'எஸ்' போடுங்கள். வரப்போவது விலையா, திகதியா, ஊர்ப் பெயரா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டு சொல்லுக்கு மேல் எழுதாதே என்று தாளில் இருக்கும்போது 'இன் த லைப்ரரி' என்று எழுதினால் புள்ளி இல்லை. 'லைப்ரரி' போதும். எழுத்துப் பிழைக்கும் இரக்கம் கிடையாது.

இலக்கங்களில் எங்கள் பழக்கமே காலை வாரும். யாழ்ப்பாணத் தொலைபேசிக் குறியீடான 021ஐ "சைபர் இருபத்தொண்டு" என்று கேட்டு வளர்ந்த காதுக்கு "ஓ டூ வன்" என்றால் அந்த 'ஓ' எழுத்தாகத்தான் விழும். 'தேர்ட்டீன்', 'தேர்ட்டி' இரண்டையும் அழுத்தத்தால் பிரியுங்கள்: தனியே சொல்லும்போது முதலாவதில் பின்பாதி ஓங்கும், மற்றதில் முன்பாதி. தினமும் யாரையாவது பத்துத் தொலைபேசி இலக்கங்களை ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்லி எழுதிப் பழகலாம்.

பொறியும் உண்டு. "டியூஸ்டே வரலாமா?" என்று ஒருவர் கேட்பார். "அன்றைக்கு வேலை, தேர்ஸ்டே பார்ப்போம்" என்பார் மற்றவர். அவசரக்காரர் டியூஸ்டேயை எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிடுவார். 'பட்', 'அக்சுவலி' கேட்டால் எழுதியதை மறுபடி பாருங்கள்.

கேட்டலின் கடைசியான நான்காம் பகுதி விரிவுரை; நடுவில் இடைவேளை இராது. ஒன்று தவறினால் அதைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், அடுத்த மூன்றும் சேர்ந்து போகும். கண் எப்போதும் இரண்டு கேள்விகளைப் பார்த்தபடி இருக்கட்டும்.

தாளில் எழுதுவோருக்கு விடைத்தாளில் பிரதி பண்ணக் கடைசியில் 10 நிமிடம் உண்டு. கணினியில் எழுதுவோருக்குச் சரிபார்க்க 2 நிமிடம்தான். தாளில் 17ஐ விட்டுவிட்டு 18இன் விடையை 17இல் எழுதினால் கீழே உள்ளதெல்லாம் ஒரு வரி நகர்ந்துவிடும். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை; தெரியாத இடத்திலும் ஏதாவது எழுதி, இலக்கத்தோடு இலக்கம் விரல் வைத்துப் பாருங்கள்.