சுவிட்சை அவன் கையில் கொடுங்கள்

"இவனே நாள் முழுக்கக் கத்துறான் மேடம், ஆனா மிக்சி போட்டா மட்டும் காதைப் பொத்திக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போயிடுறான். அப்போ இது அடம்தானே?" குழந்தைகளுக்கு அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக நான் அடிக்கடி கேட்கும் கேள்வி. கேட்பது பெரும்பாலும் அப்பா.

அடம் இல்லைங்க. சத்தம், தொடுதல் போன்றவற்றைச் சில குழந்தைகளின் மூளை வேறு மாதிரி வாங்கிக்கொள்கிறது, இதைத்தான் புலன் வேறுபாடு என்கிறோம். நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாதல்லவா, அதே கதைதான். நாமே உண்டாக்கும் சத்தமும் தொடுதலும் எப்போது வரும் என்று மூளைக்கு முன்பே தெரியும், அதனால் அதைக் குறைத்தே வாங்கிக்கொள்ளும். அம்மா போடும் மிக்சி எப்போது அலறும், எப்போது நிற்கும் என்று அவனுக்கு எதுவும் தெரியாது. நமக்குச் சட்னி அரைபடுகிறது, அவனுக்குக் காதோரம் சரவெடி.

அதனால் நான் முதலில் சொல்வது, சுவிட்சை அவன் கையில் கொடுங்கள். ஜார் காலியாக இருக்கட்டும், ஒரு நொடி போட்டு அவனே நிறுத்தட்டும், தூரத்தில் நின்று பார்க்க விரும்பினால் "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லிவிட்டு நீங்கள் போடுங்கள். காதை மூடும் இயர்மஃப் கெட்டிமேளத்துக்கும் தீபாவளிக்கும் நல்லது, ஆனால் நாள் முழுக்க மாட்டிவிட்டால் சாதாரண சத்தம்கூடப் பெரிதாகத் தெரிய ஆரம்பிக்கலாம். அப்புறம், ஒருமுறை காது பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

"பழகினா சரியாயிடும்" என்று பிடித்து அமுக்குவது மட்டும் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே அதைச் செய்திருக்கிறேன். ஈர மாவைத் தொடாத ஒரு குழந்தையின் கையைப் பிடித்து உள்ளே வைத்தேன், அங்கேயே வாந்தி எடுத்துவிட்டாள். அதன்பின் என் அறை வாசலுக்கு வந்தாலே அழுகை. அவள் கரண்டியால் மாவைத் தொடவே பல வாரம் ஆனது, அது என்னால் வந்த தாமதம்.

முடிவெட்டும் கடையிலும் இதேதான் நடக்கிறது. லேசாக வருடும் தொடுதல்தான் இப்படிப்பட்ட குழந்தைகளை அதிகம் உலுக்கும், கழுத்தில் விழும் முடித்துணுக்கு ஊசி மாதிரி. வெட்டுவதற்கு முன் தலையையும் தோளையும் மசாஜ் மாதிரி அழுத்திப் பிடித்துவிடுங்கள், கூட்டமில்லாத நேரத்தில் போங்கள், மாற்றுச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேரெதிரான குழந்தைகளும் உண்டு, சுற்றிக்கொண்டே இருப்பார்கள், சோபாவிலிருந்து குதிப்பார்கள், எல்லோர் மேலும் மோதுவார்கள். அவர்களுக்கு உணர்வு போதவில்லை, தேடுகிறார்கள். தண்ணீர்க்குடத்தைத் தூக்கச் சொல்லுங்கள், சப்பாத்தி மாவு பிசையச் சொல்லுங்கள்.

புலன் வேறுபாட்டைக் கையாளும் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட ஜீன் ஏயர்ஸ் அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அவருடைய முக்கியமான நூல் 1972இல் வந்தது. 2013இல் வந்த டிஎஸ்எம்-5, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் நோய்க் கையேடு, ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகப் புலன் வேறுபாட்டைச் சேர்த்தது, ஆனால் அதைத் தனி நோயாகப் பட்டியலிடவில்லை. ஆகவே யாராவது பெரிய நோய்ப் பெயர் ஒன்றை எழுதிக் கொடுத்து ஆறு மாதப் பேக்கேஜ் விற்றால், "வீட்டுல எந்த வேலை இவனுக்குச் சுலபமாகும்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

இதெல்லாம் குழந்தைகளோடு முடிவதில்லை. அன்று சட்டைக் காலரில் உள்ள லேபிளை வெட்டிவிடச் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்த அம்மா சிரித்துவிட்டார். "இவரு இன்னைக்கும் பனியனைத் திருப்பித்தான் போடுவாரு மேடம்."